ஆபரேஷன்தானே செய்யப் போகிறேன், மாஸ்க் எதற்கு?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 36. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. ஒரு துணி நிறுவனத்தில் கணக்கு வேலை. எட்டு வயதில் ஒரு மகள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். பல வருடமாகக் குறட்டை. "பொம்பளை இப்படிக் குறட்டை விடலாமா என்று கேலி செய்வார்கள் என்பதால் சொந்தக்காரர்கள் வீட்டில் இரவு தங்குவதையே விட்டுவிட்டேன்" என்கிறார். போன வருடம் செய்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 42 தடவை மூச்சு தடைபடுவதாக, அதாவது ஆப்னியா (தூக்கத்தில் மூச்சுத் தடை) என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சி-பாப் மெஷின் வாங்கினார். மூக்குத்தி அழுத்துகிறது, வாய் காய்கிறது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு வாரத்திலேயே அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

இப்போது எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு சர்ஜனைப் பார்த்திருக்கிறார். "எடை குறைந்தால் இந்த ஆப்னியா போய்விடும் என்கிறார்கள். அப்படியென்றால் அதுவரை மாஸ்க்கோடு ஏன் போராட வேண்டும்? ஆப்னியா இருப்பதைச் சொன்னால் தேதியைத் தள்ளிப் போடுவார்களே, சொல்லாமல் விட்டால் என்ன?" என்பது முதல் கேள்வி. மெடிக்கல் எய்ட், அதாவது அவருடைய மருத்துவக் காப்புத் திட்டம், பணம் தர மறுத்துவிட்டது. வேறு திட்டத்துக்கு மாறி, பழைய ரிப்போர்ட்டைக் காட்டாமல் விண்ணப்பிக்கலாமா என்பது இரண்டாவது. சென்னைக்குப் போய்ச் செய்துகொள்வது, இரண்டாவது குழந்தை, மாமியாரின் புரட்டாசி விரதம் என்று இன்னும் சில.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வரும்போது ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) வண்டி நின்றது, பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் கண் விழித்தேன் என்று. அதைக் கேள்வியாகக்கூட நீங்கள் கேட்கவில்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம் அதுதான். ஆபரேஷன் என்றைக்கு நடக்கும், பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும். நாளை காலை நீங்கள் அதே சாலையில் வண்டி ஓட்டப் போகிறீர்கள். தயவுசெய்து, மாஸ்க் போட்டுச் சில வாரம் தூங்கி, பகல் தூக்கம் தெளியும்வரை வண்டியைக் கணவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து போங்கள். பின் சீட்டில் உங்கள் மகள் உட்காரும் வண்டி அது.

அந்த 42 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமையானது. 42 என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் தொண்டை மூடிக்கொள்கிறது, அல்லது பாதி அடைகிறது. தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கும் தொண்டையின் பின்பக்கமும் உள்ளே சரிகின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்புகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஒரு பெருமூச்சு, மறுபடி தூக்கம். காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தேனே, ஏன் இவ்வளவு அசதி என்று மட்டும் தோன்றும். மாத்திரை எடுத்தும் உங்கள் இரத்த அழுத்தம் சரியாக இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

குறட்டையைப் பற்றிக் கூச்சப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தாலேயே பல பெண்கள் டாக்டரிடம் வருவதில்லை. வந்தாலும் குறட்டையைச் சொல்லாமல் அசதி, தலைவலி, தூக்கமின்மை என்று மட்டும் சொல்வதால் பரிசோதனை தள்ளிப்போகிறது. நீங்கள் பரிசோதனை வரை வந்தது பெரிய விஷயம்.

எடை குறைந்தால் ஆப்னியா போய்விடுமா?

குறையும். பலருக்கு நன்றாகவே குறையும். எல்லோருக்கும் போய்விடும் என்று நம்பி முடிவெடுக்கக் கூடாது. எடை 10 சதவீதம் இறங்கினால் மூச்சுத் தடைகள் கால் பங்கு அளவுக்குக் குறைகின்றன என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தூக்கப் பரிசோதனை செய்த 342 பேரின் முடிவுகளை 2009இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி மணிக்கு 55லிருந்து 16க்கு இறங்கியிருந்தது. அருமையான இறக்கம்தான். ஆனால் 16 என்பது இன்னும் நடுத்தர ஆப்னியா, சிகிச்சை தேவைப்படும் நிலை. தாடையின் அமைப்பு, தொண்டையின் அகலம், வயது இவையும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை இறங்கியதும் குறட்டைச் சத்தம் அடங்கும், உடம்பு லேசாகும், ஆப்னியா போய்விட்டது என்றே தோன்றும். உள்ளே மூச்சு தடைபட்டுக்கொண்டே இருக்கலாம். அதனால் எடை நன்றாகக் குறைந்து ஓரளவு நிலைத்த பிறகு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்துதான் மெஷினை நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். பின்னாளில் எடை திரும்ப ஏறினால் ஆப்னியாவும் திரும்பும்.

ஆக, மாஸ்க்கா ஆபரேஷனா என்ற கேள்வியே இங்கே இல்லை. ஆப்னியாவுக்கான சிகிச்சை இன்றிரவு தொடங்க வேண்டியது. ஆபரேஷன் வேறு ஒரு முடிவு; அதை நிதானமாக எடுக்கலாம். சேர்த்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மெஷின் போட்டால் எடை தானாக இறங்கும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஆய்வுகளில் லேசாக ஏறியதாகத்தான் தெரிகிறது. மெஷினின் வேலை இரவில் தொண்டையைத் திறந்து வைப்பது, அவ்வளவுதான்.

சர்ஜனிடம் மறைக்கவே கூடாது

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், மன்னிக்கவும். மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் மார்ஃபின் வகை வலி மருந்தும் தொண்டைத் தசைகளைத் தளர்த்துகின்றன. மூச்சு நிற்கும்போது மூளை பதறி எழுப்பும் அந்தப் பாதுகாப்பையும் மந்தமாக்குகின்றன. ஆப்னியா இருப்பது தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் மருந்தின் அளவை மாற்றுவார், மூச்சுக்குழாய் போடுவதற்கு முன்கூட்டித் தயாராவார், அன்றிரவு உங்களைத் தொடர் கண்காணிப்பில் வைப்பார். தெரியாவிட்டால் சாதாரண வார்டுக்கு அனுப்பிவிடுவார். ஆபத்து அந்த வார்டில், முதல் இரவில்தான்.

தேதி தள்ளிப்போகும் என்ற உங்கள் பயமும் பாதிதான் உண்மை. சர்ஜன்கள் பொதுவாக எதிர்பார்ப்பது, சில வாரமாவது நீங்கள் மெஷினை ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும் என்பது. எவ்வளவு நேரம் போட்டீர்கள் என்பது மெஷினிலேயே பதிவாகிறது. அந்தப் பதிவோடு போனால் அதுவே உங்களுக்குச் சாதகம். அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால்தான் தேதி தள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்கள் மெஷினையும் மாஸ்க்கையும் பெயர் எழுதி எடுத்துப் போங்கள். காற்றழுத்தத்தால் வயிற்றில் போட்ட தையல் விட்டுப்போகும் என்று யாராவது பயமுறுத்தலாம். அப்படிக் கசிவு கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

போகும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை கேளுங்கள்: பைகார்பனேட். அது 27 அல்லது அதற்கு மேல் இருந்தால், பகலிலும் உங்கள் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா என்று மேற்கொண்டு பார்க்க வேண்டும். உங்கள் எடையில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

மாஸ்க்கோடு ஒத்துப்போவது

உங்கள் தொல்லைகள் மூன்றுக்கும் வழி இருக்கிறது. மூக்குத்தியின் கல் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பைத் தூக்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் காற்று கசிந்து கண்ணுக்கு அடிக்கும், மெஷின் சத்தம் போடும், தோலும் புண்ணாகும். இரவில் கழற்றலாம் என்றால் கழற்றுங்கள். கழற்ற மனம் வராவிட்டால் தட்டையான சின்ன மூக்குத்தியாக மாற்றுங்கள், அல்லது மூக்கை முழுதாக மூடாமல் துவாரத்தடியில் மட்டும் பொருந்தும் 'நேசல் பில்லோ' வகையைக் கேளுங்கள். நீங்கள் வாங்கிய இடத்திலேயே வேறு மாஸ்க் போட்டுப் பார்க்கக் கேட்கலாம்.

வாய் காய்கிறது என்றால் தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று அர்த்தம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு ஸ்ப்ரே; காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டிப் பாருங்கள்; அப்படியும் சரியாகாவிட்டால் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். மூச்சு முட்டுகிற உணர்வுக்கு, படுக்கையில் பழகாமல் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டு உட்காருங்கள். அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் 'ராம்ப்' வசதி உங்கள் மெஷினில் அநேகமாக இருக்கும். முகத்தில் கிரீம், தலையில் எண்ணெய் இருந்தால் மாஸ்க் வழுக்கும், சிலிக்கோனும் சீக்கிரம் கெடும். முகம் கழுவிவிட்டுப் போடுங்கள். மின்சாரம் போகும் இரவுகளுக்கு 12 வோல்ட் பேட்டரியும் மெஷினுக்கேற்ற வயரும் போதும். அப்போது ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் தாங்கும். தூக்கம் வரவில்லை என்று மட்டும் தூக்க மாத்திரை பக்கம் போய்விடாதீர்கள்.

மெடிக்கல் எய்ட்: உங்கள் உரிமை எது, எது இல்லை

உடல் பருமன் நம் நாட்டின் கட்டாயக் குறைந்தபட்சப் பயன்களில், அதாவது பி.எம்.பி. பட்டியலில், நாள்பட்ட நோயாகச் சேர்க்கப்படவில்லை. பல திட்டங்கள் எடைக் குறைப்பு ஆபரேஷனைத் தங்கள் விதிகளிலேயே விலக்கி வைத்திருக்கின்றன. சில உயர்நிலைத் திட்டங்கள் மட்டும் நிபந்தனைகளோடு ஒரு பங்கைத் தருகின்றன. அதனால் அவர்கள் மறுத்தது அநியாயம் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், சட்டப்படி அது தவறாக இல்லாமலும் இருக்கலாம். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; எந்த விதியின் கீழ் என்று அதில் இருக்க வேண்டும். விதி உங்கள் பக்கம் என்று தெரிந்தால் முதலில் திட்டத்துக்குள்ளேயே புகார், பிறகு இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு. கவுன்சில் அந்தப் புகாரை அனுப்பினால் திட்டம் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்குக் கட்டாயம் சேர வேண்டிய பயன்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றை நீங்கள் கேட்டுப் பெற்றதாகக் கடிதத்தில் தெரியவில்லை. உயர் இரத்த அழுத்தமும் இரண்டாம் வகை சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எவ்வளவு மலிவான திட்டமாக இருந்தாலும் அவற்றின் பரிசோதனையும் மாத்திரையும் டாக்டர் வருகையும் திட்டத்தின் நெறிமுறைப்படி கிடைத்தாக வேண்டும். மாத்திரைக்குக் கையிலிருந்து கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் சொல்லி நாள்பட்ட நோய்ப் பதிவு செய்யுங்கள். அந்தப் பணம் மிச்சமாகும்.

திட்டம் மாறும் விஷயத்தில் நீங்கள் தவறான இடத்தில் பயப்படுகிறீர்கள். 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் திட்டம் நோயைக் காரணம் காட்டி உங்களைச் சேர்க்க மறுக்க முடியாது. முன்பே உள்ள நோய்க்கு 12 மாதம்வரை காத்திருப்பு விதிக்கலாம், அவ்வளவுதான். 24 மாதத்துக்கு மேல் தொடர்ச்சியாக ஒரு திட்டத்தில் இருந்துவிட்டு 90 நாள் இடைவெளிக்குள் மாறினால், அந்த 12 மாதக் காத்திருப்பையும் உங்கள் மேல் போட முடியாது. மூன்று மாதப் பொதுக் காத்திருப்பு மட்டும் வரலாம். நீங்கள் ஆறு வருடமாக இருக்கிறீர்கள். ஆகவே ஆப்னியா ரிப்போர்ட்டை மறைப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. மறைத்தது தெரிந்தால் உறுப்பினர் பதவியையே ரத்து செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. மாறும் முன் புதிய திட்டத்தின் விதிப்புத்தகத்தில் இந்த ஆபரேஷனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷனுக்கு இடம் மிகக் குறைவு. லீவுக்கு, சாதாரண வேலைச் சட்டப்படி மூன்று வருடச் சுற்றில் ஆறு வார வேலை நாள்களுக்குச் சமமான சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உங்களுக்கு உண்டு.

ஆபரேஷன் உங்களுக்கு ஏற்றதா?

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், ஏறக்குறைய 45. 2022இல் உலகச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், 35க்கு மேல் இருந்தாலே ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுகிறது. நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினருக்கு இன்னும் குறைந்த எண்ணிலேயே யோசிக்கலாம் என்கிறார்கள். ஆகவே தகுதி உண்டு. "மன உறுதி இருந்தால் டயட்டிலேயே குறைத்திருப்பேன்" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். இந்த அளவு எடையில் டயட் மட்டும் நீண்ட நாள் பலன் தருவது அரிது. அது உடம்பின் இயல்பு, உங்கள் குறை இல்லை.

ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு முக்கிய வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுப்பது, திரும்ப வராது. பைபாஸில் இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலின் வழியையும் மாற்றுகிறார்கள். நெஞ்செரிச்சல் இருக்கிறது என்றீர்கள். ஸ்லீவில் அது கூடலாம், சர்ஜனிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுசுக்கும் எடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பைக் கல் வரலாம். சில மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்டீர்கள். டிர்செபடைடு, இங்கே மௌஞ்சாரோ என்ற பெயரில் கிடைப்பது, எடையோடு ஆப்னியாவையும் குறைப்பதாக 2024இல் ஆய்வு வந்தது. அந்த வருட டிசம்பரில் அமெரிக்காவில் ஆப்னியாவுக்கே அனுமதி தந்தார்கள். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது உண்மையான இன்னொரு வழி. விலை அதிகம், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. குழந்தைக்கு முயற்சி செய்யும்போது போடக் கூடாது.

சென்னையில் திறமையான சர்ஜன்கள் இருக்கிறார்கள், செலவும் குறையலாம். என் தயக்கம் ஆபரேஷனைப் பற்றியது இல்லை, அதற்குப் பின்னால் வரும் வாரங்களைப் பற்றியது. தையல் கசிவு பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். இரத்தம் உறையும் ஆபத்து இருக்கும் நேரத்தில் விமானம் மாறி மாறி நீண்ட பயணம். திரும்பி வந்தபின் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் யாரிடம் போவீர்கள்? டர்பனில் உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒரு சர்ஜனும் டயட்டீஷியனும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் யோசியுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

குழந்தையும் விரதமும்

ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருப்பது நல்லது. எடை இறங்க இறங்கக் கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. லூப் அல்லது கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் பற்றிப் பேசுங்கள். வயது 36 என்பதால் இந்தக் காத்திருப்பைக் கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குழந்தைதான் முதல் ஆசை என்றால் அதைச் சர்ஜனிடம் முதலில் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் எனலாப்ரில் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. முயற்சிக்கு முன்பே மாற்ற வேண்டும். சிகிச்சை எடுக்காத ஆப்னியா கர்ப்ப கால இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் சேர்ந்து வருவதால், மாஸ்க் அப்போதும் உங்களோடு இருக்க வேண்டும்.

உங்கள் மாமியார், "ஆபரேஷன் செய்தால் புரட்டாசி எப்படிப் பிடிப்பாள், காவடிக்கு எப்படி விரதம் இருப்பாள்" என்று கேட்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் குடும்பங்களில் அந்த மாதம் எவ்வளவு பெரியது என்று தெரியும். புரட்டாசியில் கறி மீன் இல்லாமல் இருப்பது பின்னாளில் முடியும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். பருப்பு, ஷுகர் பீன்ஸ், சோயா, தயிர் அல்லது அமாசி (புளித்த பால்) என்று டயட்டீஷியனோடு திட்டம் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை முழுப் பட்டினியும், தண்ணீர்கூட இல்லாத விரதமும் முதல் வருடம் வேண்டாம். வயிறு சின்னதானபின் தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க முடியும், ஒரு வேளை விட்டால் ஈடுகட்ட முடியாது. சர்க்கரை மாத்திரையும் குறுக்கே இருக்கிறது. தைப்பூச வெயிலில் வெறும் வயிற்றோடு காவடி எடுப்பதும் அப்படித்தான். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும்.